தயார் என்று சொல்வது யார்?

ஒரு வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? வீடு கட்டினால் சாவி கொடுக்கும் நாள் இருக்கிறது. புத்தகம் எழுதினால் அச்சுக்குப் போகும் நாள் இருக்கிறது. சில வேலைகளில் மட்டும் முடிவு வேலைக்குள்ளேயே இருக்காது. யாராவது ஒருவர் "சரி, போதும்" என்று சொன்னால்தான் உண்டு. பெருங்கடலைக் கடக்க ஒரு சிறிய பாய்மரப் படகைத் தயார் செய்வது அந்த மாதிரி வேலை. அங்கே "போதும்" என்று சொல்லும் உரிமை யாருக்கு, அதைச் சொல்லும்போது அவர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார் என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னைத் தொந்தரவு செய்கிறது.

நம் நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க லங்காவிக்குப் போக வேண்டும். எல்லோரும் போட்டோ பிடிக்கும் கழுகுச் சதுக்கத்தைச் சொல்லவில்லை. ரெபாக் தீவு, தெலாகா துறை பக்கம் போனால் தெரியும். உலகம் சுற்றும் சிறிய படகுகள் இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் முன் வந்து நிற்கும் இடங்கள் இவை. 1987 முதல் லங்காவி தீர்வையற்ற தீவு என்பதால் உதிரிப் பாகங்களை வரவழைப்பதும் சுலபம். வடகிழக்குப் பருவக்காற்று நிலைத்த பிறகு படகுகள் மேற்கே கிளம்பும். இலங்கையின் காலித் துறைமுகம் சுமார் 1,200 கடல்மைல். மணிக்கு 5 கடல்மைல் போகும் படகுக்கு அது பத்து நாள் பயணம். அதற்கு அப்பால் மாலத்தீவு, அரபிக்கடல், செங்கடல். அந்த வழி வேண்டாம் என்றால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றும் நீண்ட வழி.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டிவிட்டு, அவை மீண்டும் ஒட்டாமலிருக்கப் பெயிண்ட் அடிப்பார்கள். பிறகு ஓட்டைகளைப் பார்ப்பார்கள். ஆமாம், மிதக்கும் படகின் அடியில் வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள் உண்டு. எஞ்சினுக்குக் கடல்நீர் வர ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, தொட்டித் தண்ணீர் வெளியேற ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. வால்வு உடைந்தால் கடல் உள்ளே வரும். அதனால் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். உடைந்த கணத்தில் எடுத்துச் சுத்தியலால் அடித்து அடைக்க.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு என்றுதான் பெயர். ஆனால் கம்பியின் முனை உலோகக் குழாய்க்குள் நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் தேங்கினால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும். டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து சேறு படியும். துறைக்குள் அது சும்மா கிடக்கும். நடுக்கடலில் படகு ஆடும்போது கலங்கி வந்து பில்டரை அடைக்கும். அதாவது எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து நிற்கும். இவை போக உயிர்காப்புத் தெப்பத்தின் சர்வீஸ் தேதி, ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவியின் பேட்டரி தேதி, சுக்கான், நங்கூரச் சங்கிலி, குடிதண்ணீர், அரிசி, கெடாமல் இருக்க வாசலின் தடவிய முட்டை.

இந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. பம்ப்பை மாற்றப் போனால் வயர் கருத்திருப்பது கண்ணில் படும். வயரை மாற்றப் போனால் அதற்குப் பின்னால் பலகை ஊறியிருப்பது தெரியும். பாலத்தைக் கட்டும் பொறியாளரிடம் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று கேட்டால் அவர் ஓர் எண்ணைச் சொல்வார். அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு மடங்கு வைத்துக் கட்டுவார். படகுகளுக்கும் தரநிலைகள் உண்டு. ஆனால் முப்பது வருடம் உப்பில் ஊறிய படகு அந்தத் தரத்தில் எவ்வளவை இன்னும் வைத்திருக்கிறது என்று எந்த ஏட்டிலும் இருக்காது. கடலும் தான் போடப்போகும் பாரத்துக்கு மேல்வரம்பு சொல்வதில்லை. ஆகவே, தயார் என்பது படகை அளந்து கண்டுபிடிக்கிற ஒரு நிலை அல்ல. அது ஒருவர் எடுக்கும் முடிவு. அதனால்தான் இது பொறியியலோடு நிற்காமல் அறம் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

லங்காவியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். கெடாக்காரர். "எந்தப் படகைப் பார்த்தாண்ணே உங்களுக்குப் பயமா இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன். பழைய படகு, மரப் படகு என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன்.

"படகப் பாத்து என்ன பயம்? தேதி சொல்ற ஆளப் பாத்தாதான் தம்பி பயம். 'பதினஞ்சாந்தேதி கெளம்பறோம், அதுக்குள்ள முடிச்சிக் குடு'ம்பாங்க. 'இந்த இந்த வேல முடிஞ்சா கெளம்பறோம்'னு சொல்றவங்கள பத்தி எனக்குக் கவலையே இல்ல."

"காத்துக்கும் ஒரு தேதி இருக்குல்லண்ணே? பருவம் முடிஞ்சா போக முடியாதே."

"அது காத்தோட தேதி. அதக் கேட்டுத்தான் ஆவணும். விசா தேதி, பிளேன் டிக்கெட் தேதி, ஊர்ல சொல்லி வச்ச தேதி, இதெல்லாம் நம்ம போட்டது. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கக் கூடாது."

இந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். 1968-இல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனி ஆளாக, எந்தத் துறையிலும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவர வேண்டும். ஜூன் 1-க்கும் அக்டோபர் 31-க்கும் இடையில் கிளம்பிவிட வேண்டும். குரோஹர்ஸ்ட் மின்னணுப் பொறியாளர். வயது 36. நான்கு குழந்தைகள். நொடிந்துகொண்டிருந்த ஒரு சிறு கம்பெனி. போட்டியில் வென்றால் தன் கருவிகள் விற்கும் என்று நம்பினார். மூன்று உடல் கொண்ட புதிய படகு அவசர அவசரமாகக் கட்டப்பட்டது. முயற்சி தோற்றால் படகை அவருடைய கம்பெனியே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பணம் போட்டவரோடு செய்த ஒப்பந்தம்.

அவருடைய திட்டத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. அந்த வகைப் படகு கவிழ்ந்தால் தானாக நிமிராது. அதனால் பாய்மர உச்சியில் ஒரு காற்றுப்பை. படகு சாய்வதை உணரிகள் கண்டதும் ஒரு கணினி ஆணையிட, பை ஊதிப் பெருத்துப் படகைக் காப்பாற்றும். படகு முழுக்க அதற்கான வயர்கள் இழுக்கப்பட்டன. ஆனால் அவை எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்தக் கணினி செய்யப்படவே இல்லை. பொறியியல் படித்த யாரும் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. வரைபடத்தில் இருக்கிறது, வயர் இருக்கிறது, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டவும் முடியும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு அவர் தன் மனைவி கிளேரிடம் படகு சரியில்லை என்று சொன்னார். கிளேர், இப்போது விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க வருந்துவீர்களா என்று கேட்டார். குரோஹர்ஸ்ட் அழுதார். தன்னைத் தடுத்து நிறுத்தச் சொல்லித்தான் அவர் கேட்டிருக்கிறார் என்பது தனக்கு அன்று புரியவில்லை என்று கிளேர் பின்னாளில் சொன்னார். மறுநாள் அக்டோபர் 31. கடைசி நாள். டெயின்மவுத் துறையிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்திலேயே கயிறு சிக்கிப் பாய் ஏறவில்லை. படகைத் திரும்ப இழுத்து வந்தார்கள். சரிசெய்தார்கள். மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் மறுபடியும் கிளம்பினார். ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். படகு ஒழுகியது. தென் பெருங்கடலுக்குள் போனால் சாவு. திரும்பினால் கடன். அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய் நிலவரம் அனுப்பினார். 1969 மார்ச்சில் படகின் ஒரு பக்க உடல் பிளந்தபோது, அர்ஜென்டினாவின் ரியோ சலாடோ என்ற சிறிய இடத்தில் யாருக்கும் தெரியாமல் கரையேறி, பலகை வாங்கி அடைத்துக்கொண்டு கிளம்பினார். உலகின் மற்ற மாலுமிகள் எல்லோரும் வெளிப்படையாகச் செய்கிற ஒரு காரியம், நின்று பழுதுபார்ப்பது, அவருக்கு மட்டும் ஒளித்துச் செய்ய வேண்டிய குற்றமாகிவிட்டது. அவர் நெருங்கிக்கொண்டிருக்கிறார் என்று நம்பிய இன்னொரு போட்டியாளர் நைஜல் டெட்லி, ஏற்கெனவே நைந்திருந்த தன் படகை விரட்டினார். மே மாதம், உலகைச் சுற்றி முடித்து ஊர் நெருங்கும் நேரத்தில், அது மூழ்கியது. டெட்லி காப்பாற்றப்பட்டார். ஜூலை 10 அன்று குரோஹர்ஸ்டின் படகு நடு அட்லாண்டிக்கில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. கிளம்பிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். மும்பையில் தேக்கு மரத்தில் கட்டிய சுஹைலி என்ற சிறிய படகில். தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை அவர் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையை ஏமாற்றுக்காரனின் கதையாகச் சொல்வது வழக்கம். தயாரிப்பு போதாதவனின் கதையாகவும் சொல்லலாம். எனக்கு இரண்டுமே போதவில்லை. படகு தயாரில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தத் துறையிலிருந்த யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்குத்தான் வழியில்லை. ஒப்பந்தம், பத்திரிகை, ஊர், கடைசித் தேதி எல்லாம் சேர்ந்து "இல்லை" என்ற ஒரு சொல்லின் விலையை ஏற்றிக்கொண்டே போய், அவரால் வாங்க முடியாத விலையில் நிறுத்திவிட்டன. அந்த விலையை ஏற்றியதில் அவருடைய கையும் உண்டு. ஒவ்வொரு கையெழுத்தையும் அவரேதான் போட்டார். ஆனால் கையெழுத்துப் போட்டபோது அது பணம் பற்றிய கையெழுத்தாக இருந்தது. கயிறு அவிழ்க்கும் நாளில் அது உயிர் பற்றியதாக மாறியிருந்தது.

இதற்கு நேர் எதிராக ஒரு துறைமுகம் 1895-இல் இருந்தது. ஜோஷுவா ஸ்லோகம், தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய ஸ்ப்ரே, உளுத்துப்போன ஒரு பழைய படகு. அதைத் தன் கையாலேயே 13 மாதம் உழைத்துப் புதிதாகக் கட்டினார். செலவு 553 டாலர் 62 செண்ட். அமெரிக்காவிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து ஜிப்ரால்டரில் நின்றார். மத்தியதரைக் கடல், சூயஸ் வழியாகக் கிழக்கே போவதுதான் திட்டம். அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள், அந்த வழியில் கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், தனி ஆள் போக வேண்டாம் என்றார்கள். ஸ்லோகம் கேட்டுக்கொண்டார். அப்போதுதான் கடந்து வந்த அட்லாண்டிக்கை மறுபடியும் கடந்து, தென் அமெரிக்காவைச் சுற்றி, உலகை எதிர்த்திசையில் வலம் வந்தார்.

ஸ்லோகம் விவேகி, குரோஹர்ஸ்ட் அசடு என்று இதைப் பிரித்துவிடக் கூடாது. ஸ்லோகமுக்குக் கடைசித் தேதி இல்லை. தோற்றால் கடனாளியாக்கும் ஒப்பந்தம் இல்லை. துறைமுகம் அவருக்கு உண்மையிலேயே துறைமுகமாக இருந்தது. அதாவது திட்டத்தை மாற்ற முடிகிற இடமாக. லங்காவியில் நிற்பவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் வருகிறது. 2011 பிப்ரவரியில் சோமாலியக் கடற்கொள்ளையர் ஓமான் கடற்பகுதியில் ஒரு பாய்மரப் படகைப் பிடித்து, அதிலிருந்த நான்கு அமெரிக்கர்களைக் கொன்றார்கள். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. செங்கடல் வழியா, ஆப்பிரிக்காவைச் சுற்றியா? எந்தக் கம்பியை மாற்றினாலும் இதற்குப் பதில் கிடைக்காது. நிற்கும் நாட்களில் யோசித்து, "வந்த திட்டப்படி போகவில்லை" என்று சொல்ல முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. துறையில் செய்யும் தயாரிப்பின் முக்கால்வாசி நோக்கம் இந்தச் சொல்லைச் சொல்லும் வழியைத் திறந்து வைத்திருப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கம்பியும் பில்டரும் மிச்சக் கால்வாசி.

உடனே ஒரு மறுப்பு வரும். அப்படியானால் போகாமலேயே இருந்துவிடலாமே? அப்படி இருப்பவர்களும் உண்டு. முட்டுக் கொடுத்த படகுகளுக்கு அடியில் புல் முளைத்திருக்கும். ஒவ்வொரு வருடமும் இன்னொரு வேலை மிச்சம் இருக்கும். இதுவும் ஒருவகைப் பொய்தான் என்று எனக்குப் படுகிறது. "போக விருப்பமில்லை" என்ற உண்மையை "இன்னும் தயாராகவில்லை" என்ற உண்மையைப் போட்டு மூடுவது. ஒருவர் தயாரில்லாமல் தயார் என்கிறார். மற்றவர் தயாரான பிறகும் இல்லை என்கிறார். இரண்டிலும் பழி படகின் மேல்தான் விழுகிறது. பாவம், படகு பேசாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நன்றாகத் தயார் செய்தவர்களையும் கடல் புரட்டிப் போடுகிறதே? அபிலாஷ் டோமி இந்தியக் கடற்படை அதிகாரி. 2012-13-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். அவரைவிடத் தயாரான ஆள் கிடைப்பது கஷ்டம். பழைய போட்டியின் நினைவாக 2018-இல் நடந்த கோல்டன் குளோப் போட்டியில், கோவாவில் கட்டப்பட்ட சுஹைலியின் மறுபதிப்பான படகில் போனார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலின் புயலில் படகு உருண்டது. பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பில் அடிபட்டு நகர முடியாமல் படுத்தபடி சமிக்ஞை அனுப்பினார். அதே புயலில் தன் பாய்மரங்களையும் இழந்திருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கிகின், கைக்குக் கிடைத்ததை வைத்துத் தற்காலிகப் பாய் கட்டி அவரை நோக்கிக் கிளம்பினார். மூன்று நாள் கழித்து பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ஒன்று முதலில் வந்து டோமியைத் தூக்கியது. பிறகு மெக்கிகினையும்.

அப்படியானால் தயாரிப்பு எதற்கு? கடல் நம்மை விட்டுவிடும் என்ற உத்தரவாதத்துக்காக இல்லை. அந்த உத்தரவாதத்தை யாரும் தர முடியாது. நாம் கூப்பிட்டால் யாரோ வருவார்கள் என்பதால் என்று நினைக்கிறேன். முகம் தெரியாத ஒரு கப்பல் தன் பாதையை விட்டுத் திரும்பும். அலைக்குள் ஒரு சிறு படகை இறக்குவார்கள். அதில் இருப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். "என் உயிர், என் இஷ்டம்" என்று கயிறு அவிழ்க்கும் ஆள் இந்த மனிதரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சமிக்ஞைக் கருவியின் பேட்டரி தேதியைப் பார்ப்பதும், அதில் தன் பெயரையும் ஊர்த் தொடர்பு எண்ணையும் சரியாகப் பதிவதும் அந்த அந்நியருக்குச் செய்யும் மரியாதை. டோமி கூப்பிட்டபோது வந்தவர்கள் வெட்டிச் சாகசக்காரனுக்காக உயிரைப் பணயம் வைக்கவில்லை. தன் பங்கைச் செய்துவிட்டுத்தான் அவர் கூப்பிட்டார். டோமி 2022-இல் தொடங்கிய அதே போட்டியில் மறுபடி கிளம்பி, 2023-இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

குடும்பத்தோடு போகும் படகுகளில் இந்தக் கணக்கு இன்னும் கிட்டே வருகிறது. தயார் என்று சொல்வது பெரும்பாலும் ஒருவர்தான். மற்றவர்கள் கூடவே போகிறார்கள். அந்தப் படகில் மிகக் குறைவாக அனுபவம் உள்ளவர், பயந்த பையனோ, கடல் ஒத்துக்கொள்ளாத மனைவியோ, "எனக்கு என்னமோ சரியாப் படல" என்றால் அதற்கு இடம் இருக்கிறதா? தெப்பத்தின் சர்வீஸ் தேதியைப் போல இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். எங்கள் மாதிரி ஆட்களின் வேலையிலும் ஒப்படைப்பு நாள் என்று ஒன்று வரும். எல்லோரும் வரிசையாக "ரெடி, ரெடி" என்பார்கள். பத்தாவது ஆள் "இல்லை" என்று சொல்வது முதல் ஆள் சொல்வதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். அந்தக் கூட்டத்தை நடத்துபவருக்கு நல்ல மனசு இருந்தால், கடைசி நாளுக்கு வெகு முன்பே, இல்லை என்ற சொல் மலிவாகக் கிடைக்கும்போதே கேட்டுவிடுவார். குரோஹர்ஸ்டிடம் செப்டம்பரில் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

லங்காவியிலிருந்து கரையோரமாகவே தெற்கே வந்தால் செபெராங் பிறை. 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி அங்கே ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொதுவாக 5-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். புத்தகுப்தன் என்ற பெருமாலுமி, வங்கத்தைச் சேர்ந்தவர் என்று கருதப்படுபவர், பயணம் நல்லபடி முடிய வேண்டிச் செதுக்கியது. கெடாக் கரை வந்த வணிகர்கள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் அவர் கப்பலின் பலகைகளையும் கயிறுகளையும் பார்த்திருப்பார், தண்ணீர் நிரப்பியிருப்பார். எல்லாம் பார்த்த பிறகும் மிச்சம் ஒன்று இருந்திருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி கல்லில் எழுதி வைத்தார்.

அந்தக் கல்லை நம்பிக்கை என்று படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு அது ஒரு பட்டியலின் கடைசி வரி மாதிரித் தெரிகிறது. இதுவரை என் கையில் இருந்தது, இனிமேல் என் கையில் இல்லை. இந்த இடத்தில்தான் கோடு போட வேண்டும் என்று தெரிந்த ஒருவர், யாரும் விரட்டாமல், காற்று வந்த பிறகு, கூட வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லும்போதுதான் தயார் என்ற சொல்லை நம்பி நான் ஒரு படகில் ஏறுவேன்.